பிந்தி வந்த பொதிக்கு வேலையில்லை

“இணைய வேகம் நன்றாகத்தான் இருக்கிறது, படம் போட்டால் தடையில்லாமல் ஓடுகிறது, பேசினால் மட்டும் குரல் ஏன் உடைந்து உடைந்து வருகிறது?” அலுவலகங்களில் இணையவழித் தொலைபேசி அமைப்புகளைப் பராமரிப்பது என் தொழில் என்பதால், இந்தக் கேள்வி என் காதில் விழாத வாரம் அரிது. கேட்பவர் பெரும்பாலும், இன்னும் வேகமான திட்டத்துக்கு மாறிவிடலாமா என்ற அடுத்த கேள்வியையும் கையோடு வைத்திருப்பார். மாறினால் பயன் கிடைக்கலாம். ஆனால் அநேகமாக அவர் நினைக்கும் காரணத்தால் கிடைக்காது. பேச்சுக்கு வேண்டிய வேகம் மிகச் சொற்பம், அது தேவைக்கு மேலேயே நம்மிடம் இருக்கிறது. குறைபடுவது நேரம் தவறாமை. இதை விளங்க வைக்கக் கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் வரலாறும் வேண்டியிருப்பதால், ஒவ்வொருவரிடமும் பாதி சொல்லி நிறுத்துவதை இங்கே முழுமையாக எழுதி வைக்கிறேன்.

கணக்கிலிருந்தே தொடங்கலாம். 1972இல் தரப்படுத்தப்பட்டு இன்றும் தொலைபேசித் துறையில் புழக்கத்தில் இருக்கும் ஜி.711 என்னும் கோடெக் (குரலை எண்களாக்கி, மறுமுனையில் மீண்டும் குரலாக்கும் முறை), குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளில் எழுதுகிறது. ஆக, விநாடிக்கு 64 கிலோபிட். இந்த ஓட்டத்தை 20 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டினால் ஒரு துண்டு 160 பைட் வரும். ஒவ்வொரு துண்டும் தனிப் பொதியாக இணையத்தில் பயணப்பட வேண்டும் என்பதால், பொதியின் முன்னால் ஒட்டும் குறிப்புகளான முகப்புகள் சேர்கின்றன: முகவரியைத் தாங்கும் ஐபி முகப்புக்கு 20 பைட், எந்தச் செயலிக்கு என்பதைச் சொல்லும் யூடிபி முகப்புக்கு 8 பைட், வரிசை எண்ணையும் நேர முத்திரையையும் சுமக்கும் ஆர்டிபி முகப்புக்கு 12 பைட் என 40 பைட் கூடுதலாக ஏறுகிறது. விநாடிக்கு 50 பொதிகள் என்ற கணக்கில் ஒரு திசைக்கு 80 கிலோபிட் ஆயிற்று. கம்பியில் ஏறும்போது சேரும் உறைகளையும் கூட்டினாலும் பொதுவாக 100 கிலோபிட்டைத் தாண்டுவதில்லை. அதாவது 10 மெகாபிட் இணைப்பில், ஏட்டுக்கணக்குப்படி, 100 பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கலாம்.

இன்னும் சிக்கனமான ஜி.729 கோடெக்கைப் பயன்படுத்தினால் குரல் விநாடிக்கு 8 கிலோபிட்டாகச் சுருங்கி, ஒரு பொதியில் வெறும் 20 பைட் மட்டுமே மிஞ்சும். முகப்போ அதே 40 பைட். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழியை இந்தத் துறையில் நாள்தோறும் நிரூபித்துக்கொண்டிருக்கிறோம். கூலி மூன்று மடங்கு இல்லை, இரண்டு மடங்குதான் என்பது ஓர் ஆறுதல். சிக்கனத்தை இதற்கு மேல் இழுத்துப் பயனில்லை என்பதால்தான், கோடெக்கை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நான் அவ்வளவாக உற்சாகம் காட்டுவதில்லை.

இவ்வளவு சிறிய சுமை எங்கே தடுக்கிக்கொள்கிறது? பேசுபவரின் கருவி 20 மில்லிவிநாடிக்கு ஒரு பொதி என்று கடிகாரம் பிசகாமல் அனுப்புகிறது. கேட்பவரின் கருவியும் 20 மில்லிவிநாடிக்கு ஒரு பொதியை ஒலிபெருக்கிக்குக் கொடுத்தாக வேண்டும். இடையில் உள்ள இணையம் எந்தப் பொதியையும் இன்ன நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஒன்று 30 மில்லிவிநாடியில் வரும், அடுத்தது 90 மில்லிவிநாடியில் வரும், சில வேளை பின்னது முந்திக்கொள்ளும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் ஜிட்டர் என்கிறோம். அதைச் சமன்படுத்த, வந்த பொதிகளை உடனே ஒலிக்காமல் சற்று நேரம் பிடித்து வைத்து, வரிசைப்படுத்தி, சீராக வெளியே விடும் ஒரு சிறு கிடங்கு கேட்பவரின் கருவியில் இருக்கிறது. கிடங்கு பெரிதானால் தாமதமாக வருபவையும் இடம் பிடித்துக்கொள்ளும், ஆனால் உரையாடல் இழுபடும். சிறிதானால் உரையாடல் உயிரோட்டமாக இருக்கும், ஆனால் கொஞ்சம் பிந்தி வந்த பொதியும் குப்பைக்குப் போகும். தன் முறை கடந்த பிறகு வந்து சேரும் பொதி பழுதில்லாமல் வந்திருந்தாலும் வராததற்குச் சமம். அதை ஒலிக்க இனி இடமே இல்லை.

படம் ஏன் தடையில்லாமல் ஓடுகிறது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. படத்தை ஓட்டும் செயலி, பார்ப்பவருக்குத் தெரியாமல் பல விநாடிகளுக்கான காட்சியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் இணைப்பு 2 விநாடி தடுமாறினாலும் கையிருப்பு அதைத் தாங்கிவிடும். பேச்சுக்குக் கையிருப்பு சேர்க்க வழியில்லை. எதிரில் இருப்பவர் இன்னும் சொல்லாத வாக்கியத்தை முன்கூட்டி இறக்க முடியாது.

தாமதம் எவ்வளவு வரை தாங்கும் என்பதற்குச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை ஓர் அளவு சொல்கிறது: வாயிலிருந்து காதுவரை ஒருவழிப் பயணம் 150 மில்லிவிநாடிக்குள் முடிந்தால் பெரும்பாலான பயன்பாடுகளில் குறை தெரியாது, வலையமைப்புகளைத் திட்டமிடும்போது 400ஐத் தாண்டவே கூடாது. 150 என்பது தாராளமாகத் தோன்றலாம். பொதியை நிரப்பவே 20 போய்விடுகிறது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்வதால், 10,000 கிலோமீட்டர் தொலைவுக்கு 50 போகிறது; இழைகள் நேர்கோட்டில் போடப்படுவதில்லை என்பதால் நடைமுறையில் இன்னும் கூடும். கிடங்குக்கு ஒரு 40 அல்லது 60, கருவிகளின் ஒலி அட்டைகளுக்கும் மென்பொருளுக்கும் ஒரு பங்கு என்று கழித்துக்கொண்டே போனால், மிச்சம் பிடிப்பதற்கு ஏதும் இராது. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலைகொண்டிருக்கும் செயற்கைக்கோள் வழியே பேசினால், ஏறி இறங்கும் பயணத்துக்கே 240 மில்லிவிநாடி ஆகிவிடும். அத்தகைய அழைப்புகளில் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, “நீங்கள் சொல்லுங்கள்” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்வதைப் பலரும் அனுபவித்திருப்பார்கள். அதில் யாருடைய பண்புக்குறைவும் இல்லை. தூரம் செய்யும் வேலை அது.

காலந்தவறிய சொல்லைக் காட்டிலும் காணாமல் போன சொல் மேல் என்ற இந்தத் தீர்ப்பு, இன்றைய செயலிகள் கண்டுபிடித்ததன்று. 1970களின் தொடக்கத்தில், இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் குரலை அனுப்ப முயன்றவர்கள் இந்தச் சுவரில்தான் முதலில் மோதினார்கள். அன்று அதன் முதுகெலும்பு இணைப்புகளின் வேகம் விநாடிக்கு 50 கிலோபிட். மேலே கணக்கிட்ட 64 கிலோபிட் குரல் அதில் நுழையவே நுழையாது. எனவே தொண்டையும் வாயும் ஒலியை உருவாக்கும் முறையைக் கணித மாதிரியாக்கி, அந்த மாதிரியின் எண்களை மட்டும் அனுப்பும் எல்பிசி என்ற முறையைக் கையாண்டு, குரலைச் சில கிலோபிட்டுகளாகச் சுருக்கினார்கள். கணினி அறிவியலாளர் டேனி கோஹன் முன்னின்று உருவாக்கிய வலையமைப்புக் குரல் நெறிமுறை 1973 டிசம்பரில் முதன்முறையாகச் செயலுக்கு வந்தது. 1974 ஆகஸ்டில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்துக்கும் எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்துக்கும் இடையே குரல் பொதிகளாகச் சென்றது.

ஆனால் சுருக்குவதோடு சிக்கல் தீரவில்லை. ஆர்ப்பாநெட் எந்தச் செய்தியையும் தொலைக்காமல், வரிசை குலையாமல் சேர்ப்பதில் பெருமை கொண்டிருந்தது. ஒரு பொதி தொலைந்தால் அது மறுபடி வரும்வரை பின்னால் வந்தவை எல்லாம் காத்திருக்கும். கோப்புக்கு இது வரம், குரலுக்குச் சாபம். பிற்பாடு, இணையத்தில் தரவைக் கொண்டுசேர்ப்பதற்கான டிசிபி என்ற நெறிமுறை உருவாகிக்கொண்டிருந்தபோதும் இதே சிக்கல் எழுந்தது. தொலைந்ததைத் திரும்பக் கேட்கும் பொறுப்பு எல்லாருடைய தலையிலும் கட்டாயமாகச் சுமத்தப்படக் கூடாது என்று வாதிட்டவர்களில் கோஹனும் ஒருவர். 1978இல் அந்த ஒற்றை நெறிமுறை, பொதியைக் கொண்டுசேர்க்க மட்டும் முயலும் ஐபி என்றும், நம்பகத்தன்மையைப் பார்த்துக்கொள்ளும் டிசிபி என்றும் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. டிசிபியின் கவனிப்பு வேண்டாதவர்களுக்காக யூடிபி வந்தது. 1980 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் பெயரில் வெளியான அதன் வரையறை மொத்தம் 3 பக்கம். இன்று நாம் பேசும் இணைய அழைப்புகளில் பெரும்பாலானவை அந்த 3 பக்கத்தின் மேல்தான் நிற்கின்றன. இணையத்தின் அடிப்படை அமைப்பையே பிரித்துப் போட வைத்ததில் குரலுக்கு இவ்வளவு பங்கு உண்டு என்பது, இத்துறையில் இருப்பவர்களிலும் பலர் அறியாத செய்தி.

அதற்குப் பிந்திய வரலாறு பரவலாகத் தெரிந்ததே. 1995இல் இஸ்ரேலின் வோக்கல்டெக் நிறுவனம் தனிக்கணினிக்கான இணையத் தொலைபேசி மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2003 ஆகஸ்டில் வந்த ஸ்கைப், எந்த அமைப்பையும் தொடாமல் பேசலாம் என்ற வசதியால் உலகை வளைத்துக்கொண்டு, 2011இல் மைக்ரோசாஃப்டிடம் 850 கோடி டாலருக்குக் கைமாறி, 2025 மே மாதத்தில் மூடப்பட்டது. ஸ்கைப் போனாலும் அதன் பொறியாளர்கள் உருவாக்கிய சில்க் கோடெக் போகவில்லை; செல்ட் என்ற மற்றொன்றுடன் இணைந்து, 2012இல் ஓப்பஸ் என்ற பெயரில் திறந்த தரமாயிற்று. உலாவியிலிருந்தே பேச வழிசெய்யும் வெப்ஆர்டிசி அதைத்தான் கட்டாயக் கோடெக்குகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது.

தொலைந்த பொதியின் இடத்தில் என்ன ஒலிக்கிறது என்பது எனக்கு எப்போதும் சுவையான பகுதி. வெறுமையாக விட்டால் காதில் ‘டிக்’ என்று வெட்டுத் தெரியும். ஆகவே கேட்பவரின் கருவி, கடைசியாக வந்த குரலின் அலைவடிவத்தை எடுத்து, அதன் சுருதி மாறாமல் நீட்டி, இடைவெளியை மெழுகிவிடுகிறது. ஜி.711க்கு 1999இல் சேர்க்கப்பட்ட பின்னிணைப்பு ஒன்று இதற்கான முறையைச் சொல்கிறது. நீட்டிய ஒலியைப் படிப்படியாகத் தணித்து, 60 மில்லிவிநாடியில் முழுவதுமாக அடக்கிவிட வேண்டும் என்பது அதன் விதி. ஒரு பொதி தொலைந்தால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. நான்கைந்து பொதிகள் அடுத்தடுத்துத் தொலைந்தால் ஓர் அசையே போய்விடும். ஆகவே ‘இழப்பு 2 விழுக்காடு’ என்று அறிக்கையில் வரும் எண்ணை நான் தனியாக நம்புவதில்லை. அந்த 2 விழுக்காடு அழைப்பு முழுதும் தூவப்பட்டிருந்தால் பேச்சு தெளிவாகவே இருக்கும். ஒரே இடத்தில் கொத்தாக விழுந்திருந்தால், சொல்லவந்த எண்ணோ பெயரோ அதோடு போயிருக்கும்.

ஓப்பஸ் இதற்கு இன்னொரு வழியும் வைத்திருக்கிறது: ஒரு பொதிக்குள் அதற்கு முந்தைய பொதியின் மலிவான நகல் ஒன்றையும் சேர்த்து அனுப்பலாம். 2024இல் வந்த ஓப்பஸ் 1.5 பதிப்பு, நரம்பு வலைப்பின்னல்களைக் கொண்டு விடுபட்ட ஒலியை ஊகித்து நிரப்பவும் கற்றுக்கொண்டது. பேசியவர் உண்மையில் எழுப்பாத ஒலியை எந்திரம் அவர் குரலிலேயே எழுப்புவது குறித்து எனக்குச் சிறு தயக்கம் உண்டு. தொடங்கிய அசையை முடித்து வைப்பது வரை சரி. சொல்லையே ஊகிக்கத் தொடங்கினால், “மாட்டேன்” என்பதன் வாலைத் தொலைத்துவிட்டு எந்திரம் என்ன வால் ஒட்டுமோ என்ற கவலை நியாயமானதுதான்.

இனி, தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு விடை. நான் பார்த்த இடங்களில் குரல் உடைவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது, அதே இணைப்பில் வேறொருவர் ஏதோ ஒன்றைப் பெரிதாக மேலேற்றிக்கொண்டிருப்பது. கைப்பேசியிலுள்ள படங்கள் மேகச் சேமிப்புக்குத் தானாக ஏறத் தொடங்கியிருக்கும், அல்லது கணினி காப்புநகல் எடுத்துக்கொண்டிருக்கும். மேலேற்றும் திசையில் வேகம் குறைவான இணைப்புகளில், ரவுட்டரோ மோடமோ அனுப்ப முடியாத பொதிகளை எறியாமல் ஒரு நீண்ட வரிசையில் அடுக்கி வைத்துக்கொள்கிறது. எதையும் தொலைக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்யப்பட்ட ஏற்பாடுதான். அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கும் குரல் பொதி, தன் முறை வருவதற்குள் சில நூறு மில்லிவிநாடியைச் செலவழித்துவிடும். மோசமான கருவிகளில் ஒரு விநாடிக்கு மேலும் ஆகும். 2010ஐ ஒட்டி இந்த நோய்க்கு பஃபர்புளோட் என்று பெயர் சூட்டி ஊரறியச் செய்தவர் ஜிம் கெட்டிஸ். வேகச் சோதனைத் தளங்கள் பெரிதாகக் காட்டும் எண், குழாய் நிரம்பி ஓடும்போது எவ்வளவு ஓடுகிறது என்பதை மட்டும் சொல்வதால், நோய் முற்றிய இணைப்பும் அங்கே ஆரோக்கியமாகத் தெரியும்.

சோதிப்பது கடினமில்லை. ஏதேனும் ஒரு முகவரிக்குத் தொடர்ந்து பிங் (போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் சிறு சோதனைப் பொதி) அனுப்பிக்கொண்டே ஒரு பெரிய கோப்பை மேலேற்றிப் பாருங்கள். 20 மில்லிவிநாடியில் திரும்பிக்கொண்டிருந்த விடை, மேலேற்றம் தொடங்கியதும் 500, 800 என்று ஏறினால் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் 2012இல் வெளியிட்ட கோடெல் என்ற முறையும் அதிலிருந்து கிளைத்தவையும், வரிசையில் பொதி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பார்த்து, தேங்கத் தொடங்கியதுமே சிலவற்றை எறிந்து அனுப்புபவரைத் தணியச் செய்கின்றன. குரலைப் போலச் சிறிதாகவும் இடைவிட்டும் வரும் பொதிகளை முன்னே விடவும் அவற்றிற் சில அறிந்திருக்கின்றன. உங்கள் ரவுட்டரில் இந்த வசதி இருந்தால் அதை இயக்கி, மேலேற்றும் வேகத்தை இணைப்பின் உண்மையான வேகத்துக்குச் சற்றுக் கீழே கட்டுப்படுத்துங்கள். வேகத்தைக் குறைத்தால் பேச்சு தெளியும் என்று நான் சொல்லும்போது எதிரில் இருப்பவர் என்னைப் பார்க்கும் பார்வை எனக்குப் பழகிவிட்டது.

வைஃபையும் இதே குற்றத்தை வேறு வகையில் செய்கிறது. காற்றில் கெட்டுப்போன பொதியை அது தானாகவே மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும். இழப்பு குறையும், ஜிட்டர் ஏறும். மேசையில் நிலையாக இருக்கும் தொலைபேசிக்கு வைஃபை வைப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை.

குரல் உடைவதோடு சேர்த்துச் சொல்லப்படும் வேறு இரண்டு குறைகளுக்குக் காரணமே வேறு. உங்கள் குரல் உங்களுக்கே திரும்பக் கேட்டால், எதிர்முனையில் ஒலிபெருக்கியின் சத்தம் மைக்கில் நுழைகிறது என்று பொருள். உங்கள் கருவியை எவ்வளவு மாற்றினாலும் தீராது, அவர் ஹெட்போன் போட்டால் தீரும். மணி அடிக்கிறது, எடுக்கிறார்கள், ஆனால் ஒரு பக்கம் மட்டுமே கேட்கிறது என்றால், அழைப்பை ஏற்படுத்தும் எஸ்ஐபி செய்திகள் ஒரு வழியாகவும் குரல் பொதிகள் வேறு வழியாகவும் செல்வதில், பின்னதை இடையிலுள்ள ரவுட்டர் எங்கே சேர்ப்பதென்று தெரியாமல் எறிந்துவிட்டது என்று கொள்ளலாம். பல ரவுட்டர்களில் உதவி செய்வதற்கென்றே எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற அமைப்பு இருக்கிறது. அது பல வேளை உதவுவதற்குப் பதில் குழப்பிவிடுவதால், நான் முதலில் செய்வது அதை அணைப்பதுதான்.

தொலைந்தாலும் பரவாயில்லை என்ற கொள்கை ஓரிடத்தில் செல்லுபடியாகாது. பதிவுசெய்த குரல் ஒன்று “எண் 2ஐ அழுத்துங்கள்” என்று கேட்கும்போது அழுத்தும் பொத்தானின் ஒலி, மனிதக் குரலுக்கென்று செதுக்கப்பட்ட கோடெக்குகளில் சிதைந்துபோகும்; பாதி தொலைந்தால் ஒரு 2 இரண்டு 2ஆகவும் மாறலாம். எனவே அந்த எண்ணை ஒலியாக அனுப்பாமல், ‘2 அழுத்தப்பட்டது’ என்ற குறிப்பாகத் தனிப் பொதியில் அனுப்புகிறார்கள். அது முடிந்தது என்பதைச் சொல்லும் பொதியை, கேட்காமலேயே மூன்று முறை அனுப்புகிறார்கள். திரும்பக் கேட்க நேரமில்லாத இடத்தில் முன்கூட்டியே பலமுறை சொல்லிவிடுவது என்ற ஏற்பாடு இது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, தமக்கு இணைய அழைப்பே வேண்டாம், சாதாரண கைப்பேசி அழைப்பே போதும் என்பவர்கள் உண்டு. 4ஜி வலையமைப்பில் பழைய முறையிலான தனித்தடம் கிடையாது. வோல்ட்டி என்ற பெயரில் அங்கே செல்லும் சாதாரண அழைப்பும் ஐபி பொதிகள்தாம். வேறுபாடு ஒன்றே: அந்தப் பொதிகளுக்கு நிறுவனம் தன் வலையமைப்பில் தனி முன்னுரிமையும் உறுதிசெய்த வேகமும் ஒதுக்குகிறது, செயலி வழியே செல்லும் அழைப்புக்கு அந்த மரியாதை பெரும்பாலும் கிடைப்பதில்லை. இரண்டின் தரத்தையும் ஒப்பிட்டுச் செயலியைக் குறை சொல்வதற்கு முன் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பழைய தரைவழித் தொலைபேசியை முழுவதுமாகக் கைவிடப் போகிறவர்களிடம் மட்டும் நான் ஒன்றை வற்புறுத்துகிறேன். செப்புக் கம்பித் தொலைபேசிக்குத் தொலைபேசி நிலையத்தின் மின்கலங்களிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வந்ததால், வீட்டில் மின்சாரம் போனாலும் அது பேசியது. இணையத் தொலைபேசிக்கு ரவுட்டர், மோடம், தொலைபேசிக் கருவி மூன்றும் விழித்திருக்க வேண்டும். மேலும், அந்தக் கம்பி எந்தக் கட்டடத்தில் முடிகிறது என்பது நிலையத்துக்குத் தெரியும். இணைய எண்ணை எங்கு வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம் என்பதால், அவசர உதவிக்கு அழைக்கும்போது பதிவில் இருக்கும் பழைய முகவரிக்கு வண்டி போய்ச் சேரும் ஆபத்து உண்டு. மூன்று கருவிகளையும் ஒரே யூபிஎஸ்ஸில் இணையுங்கள். சேவை தருபவரிடம் பதிந்துள்ள முகவரியை, இடம் மாறும் ஒவ்வொரு முறையும் திருத்துங்கள். வீட்டில் உள்ள எல்லாருக்கும், அவசரத்துக்கு எந்தத் தொலைபேசியை எடுக்க வேண்டும் என்பதைச் சொல்லி வையுங்கள்.